வெறும் வாய்

நாக்கு நுனியால் தொட்டபோது அந்தக் கேப் சூடாக இருந்தது. வாயில் மற்ற பற்களெல்லாம் எச்சிலின் குளிர்ச்சியில் கிடக்க, இசிமெலியின் கடைவாய்ப் பல்லுக்கு உறையாகப் புதிதாகப் போட்ட அது மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. நாக்கை உள்ளே இழுத்தால் ஒரு வாடையும் கூடவே வந்தது. அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் வருமே, அந்த வாடை.

கேப் மற்ற பற்களைவிட ஒரு மயிரிழை உயரம். "கடிக்கக் கடிக்கத் தேஞ்சு சரியாயிடும்" என்று பல் டாக்டர் அனுப்பிவிட்டார். தேய்ந்ததென்னவோ இசிமெலிதான். வலி தாடையில் கிளம்பி, காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றிப்பொட்டில் ஆணி அறைந்தது. அதைவிட அசிங்கம் இன்னொன்று. அவன் சும்மா இருந்தாலும் தாடை சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில், சர்ச்சில், தூக்கத்தில், வெறும் வாயை மென்றுகொண்டே இருந்தது. கறக், கறக் என்று அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்டது.

நாளைக்கு லம்பாசாவில் பாட்டுப் போட்டி. பிஜியின் வடக்குச் சபைகள் எல்லாம் வரும். முதல் அடியை இசிமெலி தனியாகப் பாட வேண்டும். இத்தனை வருடம் கூட்டத்தில் ஒரு குரலாக நின்றவனுக்கு இப்போதுதான் அந்த இடம் கிடைத்திருக்கிறது. வாயோ இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவன் மனைவியின் அண்ணன் சாமிசோனி குடித்தால் மயக்கம் தரும் யங்கோனா வேரை இடித்து, மரத்தொட்டியில் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், ஆடு மாதிரி அசை போடுற? என் தங்கச்சி கிழங்கு அவிச்சுப் போடலைன்னு ஊர் பேசப்போகுது."

"வலி உயிர் போகுதுடா."

"குடி. வாய் மரத்துப்போனா வலி எங்க தெரியும்? இல்லன்னா நாளைக்கு ஒனக்குப் பதிலா என் காளையத்தான் பாட நிறுத்தணும்."

இசிமெலி வழக்கப்படி ஒருமுறை கைதட்டி, சிரட்டையை வாங்கி, மண் தண்ணீர் போன்ற அந்தக் கலங்கலை ஒரே மூச்சில் குடித்தான். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. உதடு மரத்தது. நாக்கு மரத்தது. ஆணி கழன்றது. முதல் அடியைப் பாடிப் பார்த்தான். வாய் தாராளமாகத் திறந்து, அடிக்குரல் பாயெல்லாம் அதிர வந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தொட்டி காலியான பிறகுதான் சாப்பாடு. மனைவி மேரேசேனி தட்டை அவன் பக்கத்தில் வைத்து, துணியால் மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாமிசோனி தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். இசிமெலி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

மெல்லுவதற்கு எவ்வளவு சுகமாக இருந்தது. தேங்காய்ப் பாலில் வெந்த பேய்க்கணவாய், அவள் கைப்பக்குவம். கொஞ்சம் ரப்பர் மாதிரி வழுக்கி, கேப்புக்கு அடியில் பதமாக நசுங்கியது. வெதுவெதுப்பான சாறு. உப்பு. துரு வாடை. விழுங்கினான். கை எப்போது தட்டுக்குப் போனது என்று நினைவில்லை. மறுபடி மென்றான்.

"ஏங்க."

கண்ணைத் திறந்தான். மேரேசேனி விளக்கோடு நின்றாள்.

"கணவாய் ஆறிப்போச்சே. மூடி வச்ச துணிகூட எடுக்கல. அப்புறம் என்னத்த மெல்லுறீங்க?"

பார்த்தான். தட்டு. துணி. துணிமேல் ஈ.

இரண்டு கையும் மடியில். சுத்தமாக.

தாடை நிற்கவில்லை.

மேரேசேனி என்று கூப்பிடப் பார்த்தான். காற்றுதான் வந்தது. பெயரைச் சொல்லப் புரள வாய்க்குள் நாக்கு இல்லை. உதட்டோரம் சூடாக வழிந்தது. பிறகு ஒரு துண்டு நழுவி, பாயில் தொப்பென்று விழுந்தது.

அவள் விளக்கைக் கீழே இறக்கிப் பார்த்தாள்.

அவன் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அது அவன் கைகளுக்குள்ளேயே, நிதானமாக, கன்னத்தின் உட்புறத்தைத் தேடி இழுத்து மென்று தின்னத் தொடங்கியது.