நாலே முக்காலுக்குள் ஒரு ரசீது

மாலை 4.10. மேல்முறையீட்டுக் கட்டணம் கட்டிய ரசீதைக் காணவில்லை.

நீதிமன்றத் தாக்கல் பிரிவின் ஜன்னலருகே ஆசிரியை தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, மூன்று பேனா விழுந்தன. வீட்டு அடமான வழக்கில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடித் தோற்றவர் அவர். மேல்முறையீட்டுக்கு இன்றே கடைசி நாள். 4.45க்குள் தாக்கலானால் ஏலம் நிற்கும். இல்லாவிட்டால் வீடு போய்விடும். நகல் ரசீது வாங்க இரண்டு நாளாகும்.

உள்ளே இருந்த பெண் குமாஸ்தாவுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எழுந்து வெளியே வந்தார்.

"உக்காருங்க டீச்சர். ரசீதைக் கடைசியா எங்க பார்த்தீங்க?"

ஆசிரியை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், சாயவில்லை. பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினார். "நேத்து சாயங்காலம். இவரோட தையல் மேஜை மேல வச்சேன்."

"வீட்டுக்கு யாரு வந்தா?"

"கடன் கம்பெனி ஏஜெண்டு."

தாக்கல் ஆகிறதா என்று பார்க்க வந்து தூணோரம் நின்ற ஏஜெண்டின் சிரிப்பு சுருங்கியது. "என்னை வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாங்க மேடம்."

"அது நெசந்தான்," என்றார் ஆசிரியை வேண்டாவெறுப்பாக.

4.22. சல்லடை கணவர் பக்கம் திரும்பினார். அவர் தையல்காரர்.

"நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இவளோட இந்தக் கோட்டை முடிச்சேன். கோர்ட்டுக்கு வர்றவ எடுப்பா இருக்க வேணாமா? பட்டன் வச்சேன், இஸ்திரி போட்டேன், எடுத்து வச்சேன்."

"எடுப்பாத்தான் இருக்கு. முதுகுலதான் காலையிலேருந்து என்னமோ உறுத்துது. பிசிறு வெட்டாம விட்டுட்டாரு."

"நானா? பிசிறா?" தையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

சல்லடை அவரையே பார்த்தார். "கடையில தச்சு முடிச்ச துணிய எப்படி எடுத்து வைப்பீங்க?"

"பேரு, நம்பர், தேதி எழுதின சீட்டை உள்பக்கமா குத்தி..." அவர் வாய் அப்படியே நின்றது.

"கோட்டைக் கழட்டுங்க டீச்சர்."

கோட்டின் முதுகுப் பக்க உள்துணியில் குண்டூசியோடு தொங்கியது ரசீது.

"குற்றவாளி உங்க வீட்டுக்காரர்தான்," என்றார் சல்லடை. "மேஜையில பேரு, நம்பர், தேதியோட ஒரு சீட்டு. கையில முடிச்ச துணி. விரல் யாரையும் கேக்காம குத்திருச்சு. நீங்க சாயாம உக்காந்தப்பவே எனக்கு நெருடுச்சு. பிசிறு உறுத்தினா சொறியத் தோணும். சாயப் பயப்பட மாட்டோம்."

ஆசிரியை கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஏஜெண்டைக் காணோம்.

4.41. முத்திரை விழுந்தது. மனுவுக்கு எண் கிடைத்தது, வீடு தப்பியது.

"இருபது வருஷத்துல ஒரு சீட்டுகூட தொலைச்சதில்ல நான்," என்று முனகினார் தையல்காரர்.

"இதையும் தொலைக்கலையே," என்று ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், ஒரு குறை இருக்கு," என்றார் சல்லடை. இருவரும் சட்டென்று திரும்பினார்கள்.

"அந்தக் குண்டூசியக் குடுத்துட்டுப் போங்க. ஆபீஸ்ல ஒண்ணுகூட இல்ல."