உப்புக்குள் ஒரு படிக்கட்டு

றிஸ்லா எடுத்த முதல் காட்சியில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் எடுத்தது உப்பளத்தைத்தான். ஆனால் புத்தளத்து வெயில் உப்பில் பட்டுத் தெறித்ததில், கைப்பேசித் திரை வெறும் கடதாசிபோலத் தெரிந்தது.

"படம் எங்க?" என்று கேட்டாள் அவளுடைய சிநேகிதி அஸ்கா.

பாடசாலையில் அந்த வருடம்தான் ஊடகக் கழகம் தொடங்கியிருந்தார்கள். தரம் ஏழு மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி ஒரு குட்டி ஆவணப்படம் எடுத்துவர வேண்டும் என்று ஸஹ்னா டீச்சர் சொல்லியிருந்தார். முஹ்ஸின் தன் மாமாவின் ட்ரோனைப் பறக்கவிட்டுக் கற்பிட்டிக் கடலையே மேலிருந்து எடுத்துவிட்டான். றிஸ்லாவிடம் இருந்தது மூலை வெடித்த, உம்மாவின் கைப்பேசி மட்டும். காற்றின் இரைச்சல் பதிவாகாமல் இருக்க அதன் அடிப்பக்கத்தில் அஸ்கா தன் தம்பியின் காலுறையை மாட்டியிருந்தாள். துவைத்த காலுறைதான் என்று சத்தியமும் செய்தாள். றிஸ்லா நம்பவில்லை.

றிஸ்லாவின் உம்மா மஹ்மூதா, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரத்து உப்பளத்தில் வேலை செய்கிறார். பாத்திகளில் விளையும் உப்பைப் பலகையால் இழுத்துக் குவிப்பார். உம்மாவைப் பேசவைத்தே முழுப் படத்தையும் எடுத்துவிடலாம் என்பது றிஸ்லாவின் திட்டம். ஆனால் கேட்டதுமே உம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"வாணாம் மகள். வெயில்ல கறுத்து, உப்புல ஊறி நிக்கிறன். எல்லாரும் பாக்கிற படத்துல இந்தக் கோலத்தில நான் எதுக்கு?"

உம்மா வேலைக்குத் திரும்பியதும், உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து தெரியாமல் எடுத்துவிடலாம் என்று அஸ்கா காதோடு சொன்னாள். றிஸ்லாவும் எடுத்துப் பார்த்தாள். காட்சி அருமையாக வந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி உம்மா பலகையை இழுத்தார். பின்னால் களப்பு மின்னியது.

றிஸ்லா அதை ஒருமுறை பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டாள்.

"உம்மா வாணாம்னு சொன்னவங்க," என்றாள்.

இனி வெறும் கடதாசிப் படம்தான் மிச்சம் என்று அஸ்கா புலம்பினாள். இருவரும் கொட்டகை நிழலில் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்கள். றிஸ்லா போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தபோது, ஒரு துளி கைப்பேசியின் கெமராவில் விழுந்தது. அவசரமாகச் சட்டைக் கையால் துடைக்கப் போனவள், திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். திரை முழுக்கத் தடித்த நீலக் கயிறுகள் தெரிந்தன. அவளுடைய சட்டையின் நூல்கள்தான் அவை. அந்த ஒரு துளி, கெமராவை உருப்பெருக்கிக் கண்ணாடியாக மாற்றியிருந்தது.

இருவரும் பாத்தியோரத்துக்கு ஓடினார்கள். அசையாத நீரின்மேல் மெல்லிய வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. றிஸ்லா ஒன்றை விரல்நுனியில் ஏந்தி, அஸ்காவின் கறுப்புச் சால்வையில் வைத்தாள். கெமராவில் ஒரு துளி விட்டு, மெல்லக் கவிழ்த்தாள். துளி விழுந்து துணுக்கைக் கரைத்துவிட்டது. அடுத்ததும் கரைந்தது. சால்வை நனைந்ததுதான் மிச்சம் என்று அஸ்கா முணுமுணுத்தாள். ஈரமில்லாத பக்கத்தில் இன்னொன்றை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு றிஸ்லா மறுபடியும் கவிழ்த்தாள்.

திரையில் ஒரு சதுரம் தெரிந்தது. அதற்குள் சிறியதாய் இன்னொரு சதுரம், அதற்குள்ளும் ஒன்று. கிணற்றுப் படிகளைப்போல அவை கீழே கீழே இறங்கிப் போயின. ஒவ்வொரு விளிம்பும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல் நேராக இருந்தது. வெளிச்சம் படிப்படியாக இறங்கி அடியில் போய்த் தங்கியது.

யாரும் செதுக்கவில்லை. வெயிலும் நீரும் சேர்ந்து இன்று காலையில்தான் செய்திருக்கின்றன.

றிஸ்லா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாத்தி முழுக்கத் துணுக்குகள். அதற்கு அப்பால் இன்னொரு பாத்தி. களப்பு வரைக்கும் பாத்திகள். அத்தனையிலும் இப்படிப் படிக்கட்டுகளா?

றிஸ்லா உம்மாவைக் கூப்பிட்டாள். உம்மா வந்து குனிந்து திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் மெதுவாக. "இத்தன வருசமும் இதையா நான் இழுத்துக் குவிச்சன்?"

மற்றப் பெண்களும் பலகைகளை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எல்லாரும் போன பிறகும் உம்மா போகவில்லை. கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மகள் முன்னால் நீட்டினார்.

"இதுல வெச்சு எடு. முகம் வாணாம். கை பரவாயில்ல."

படங்களைத் திரையிட்ட அன்று பெற்றோர்களும் வந்திருந்தார்கள். முஹ்ஸினின் கடலுக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. அடுத்தது றிஸ்லாவின் படம். சுவரில் ஓர் உள்ளங்கை விரிந்தது. காய்ந்த குளத்துத் தரைபோல அதில் கோடுகளும் வெடிப்புகளும் ஓடின. நடுவில், ஒளியால் கட்டியதுபோல் அந்தப் படிக்கட்டு நின்றது.

யாரும் கைதட்டவில்லை. முஹ்ஸின் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். படம் முடிந்தும் ஸஹ்னா டீச்சர் விளக்கைப் போடவில்லை.

"ஆர்ட கை அது?" என்று இருட்டில் ஒரு சின்னப் பிள்ளை கேட்டது.

றிஸ்லாவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். உம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம் அல்லவா?

விளக்கு எரிந்தது. பின்வரிசையில் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்ற மஹ்மூதா, எல்லாருக்கும் தெரியும்படி கையை உயர்த்திக் காட்டினார்.