குளத்து முனை சாட்சி

பிரம்லிங் அருங்காட்சியகத்தின் வெள்ளி ஊதுகொம்பு களவு போன செய்தி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்தது. கால் மணி நடைதான். ஆனால் சார்ஜன்ட் மெட்காஃப் அங்கே போய்ச் சேர்ந்தபோது பத்தாகிவிட்டது. காரணம், வழி சொன்னவர் ஒரு பிரம்லிங்காரர்.

"நேரா போங்க. குளத்து முனையில இடது பக்கம் திரும்பி, சுங்கச்சாவடியைத் தாண்டினா மியூசியம். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

கண்ணைத் திறந்துகொண்டு போனவருக்குத்தான் கஷ்டம். குளமும் தென்படவில்லை, சாவடியும் தென்படவில்லை. யார்க்‌ஷரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரமாக இதே கதைதான். அருங்காட்சியக வாசலில் மழையில் தொப்பலாக நனைந்து நின்றவரைப் பார்த்து, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மிஸ் ஆல்டர்டன் கைகொட்டிச் சிரித்தாள்.

"குளத்தைத் தூர்த்து இருபத்தஞ்சு வருஷமாச்சே சார்ஜன்ட்! சாவடியை எங்க தாத்தா காலத்துலயே இடிச்சாச்சு."

"அப்ப ஏம்மா வழி சொல்றப்ப மட்டும் அதைச் சொல்றீங்க?"

"வேற எதைச் சொல்றதாம்?" அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

கட்டடம் பழைய குதிரை வண்டி விடுதி. லண்டனிலிருந்து வண்டி வரும்போது ஊதிய கொம்புதான் பிரம்லிங்கின் பெருமை. அது இருந்த கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. பூட்டு உடையவில்லை. சும்மா நெம்பினாலே திறந்துகொள்கிற பூட்டு. வாசல் கதவு மட்டும் தேக்கு, அதன் சாவி ஒருத்தியிடம்தான் உண்டு. காவலாளி மிஸஸ் பர்கிஸ், விதவை. மாடியில் இரண்டு அறை, அதுதான் அவள் வீடு.

மெட்காஃப் கட்டடத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கச் சமையலறை ஜன்னலின் கொக்கி பழையது. அதில் புதிதாக ஒரு கீறல்.

"இது தானா மாட்டிக்குமா?"

"ஆமா, வெளியில இருந்து இழுத்து மூடினாலே விழுந்துரும்" என்றாள் மிஸ் ஆல்டர்டன். "அதையெல்லாம் ஏன் பாக்கறீங்க? ஆள்தான் தெரிஞ்சு போச்சே. அந்தக் காலத்துலயும் இப்படித்தான், ஹாப்டேன்னு ஒரு காவலாளி, இதே மாடியிலதான் குடியிருந்தான். தங்கக் காசு காணோம்னு அன்னிக்கே குடும்பத்தோட வெளியே அனுப்பினாங்க. முதல் போருக்கு முன்னாடி நடந்தது. எங்க அப்பாதான் அப்ப செயலாளர்."

"காசு கிடைச்சுதா?"

மிஸ் ஆல்டர்டன் கையுறையைச் சரிசெய்தாள். "கிடைச்சுது. அலமாரிக்குப் பின்னால விழுந்திருந்தது. அதுக்குள்ள அவங்க கப்பலேறி எங்கேயோ போயிட்டாங்க. சரி விடுங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மிஸஸ் பர்கிஸ் காலி பண்ணணும்னு கமிட்டி சொல்லிருச்சு."

மாடியில் மிஸஸ் பர்கிஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்கம்மா இருந்தீங்க?"

"கல்லறைத் தோட்டத்துல. அவரு செத்த நாள்."

"யாராவது பாத்தாங்களா?"

"அந்த மழையில யாருங்க வருவா?" அவள் ஒரு தேநீர்க் கோப்பையைக் காகிதத்தில் சுற்றினாள். "அந்தக் கொம்பை நான் தினம் துடைச்சேன் சார். அதைத் தூக்கிட்டு எங்க போவேன்? எனக்குப் போக இடமே கிடையாதே."

மெட்காஃபுக்கு மனசு சங்கடமாகிவிட்டது. ஆனால் கான்ஸ்டபிள் டிப்பிள் கொண்டுவந்த வாக்குமூலம் அவளுக்கு எதிராக ஆணி அடித்ததுபோல் இருந்தது. சாட்சி மிஸ்டர் ராட்லி, ஆஸ்திரேலியக் கம்பளி வியாபாரி. செவ்வாய்க்கிழமை மதியம் அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்த ஒரே ஆள். மாலை நாலரை மணிக்கு, குளத்து முனையில், காவல்காரப் பெண்மணி நீளமான காகிதப் பொட்டலத்தோடு ரயில் ஸ்டேஷன் பக்கம் விரைந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

"சாட்சி சொன்னதை அப்படியே எழுதினியா?" என்றார் மெட்காஃப்.

டிப்பிளுக்கு ரோஷம் வந்தது. "ஒரு வார்த்தை மாத்தலை சார். இந்த ஊர்லயே பொறந்தவன் நான். எனக்குப் புரியாதது அதுல என்ன இருக்கு?"

"ஆமாய்யா, அதான் சிக்கல்" என்று சொல்லிவிட்டு மெட்காஃப் தொப்பியை எடுத்தார்.

பன்னிரண்டு மணி. ஸ்டேஷன் எதிரே உள்ள ஓட்டலில் ராட்லி ஆட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டிய, வெயிலில் காய்ந்த முகம்.

"இங்கிலாந்துக்கு எத்தனாவது தடவை?"

"முதல் தடவை."

"பிரம்லிங்ல தெரிஞ்சவங்க?"

"ஒருத்தரும் இல்லை."

"நேத்து யார்கிட்டயாவது வழி கேட்டீங்களா? பேசினீங்களா?"

"ரயில்ல இறங்கினேன், டாக்ஸி பிடிச்சேன், மியூசியம் பாத்தேன், நடந்து இங்க வந்து படுத்தேன். உங்க ஊர் ஆளுங்க வாயைத் திறந்தா மூடமாட்டாங்கன்னு கேள்வி. அதனால யார்கிட்டயும் வாயே குடுக்கலை. போதுமா?"

"நல்லாப் போதும். அவங்களைப் பாத்த இடத்தை மட்டும் நீங்களே நடந்து காட்டிருங்க. நான் ஊருக்குப் புதுசு."

இரண்டு மணிக்கு மழை விட்டிருந்தது. ராட்லி முன்னால் நடந்தார். பின்னால் மெட்காஃப், டிப்பிள், மிஸ் ஆல்டர்டன், பெட்டியோடு மிஸஸ் பர்கிஸ். கடைத்தெரு வளைவில், ஒரு செருப்புக் கடை வாசலில் ராட்லி நின்றார்.

"இங்கதான். குளத்து முனை."

"அதேதான்" என்றான் டிப்பிள். மிஸ் ஆல்டர்டனும் தலையாட்டினாள்.

மெட்காஃப் குனிந்து நடைபாதையைப் பார்த்தார். சுவரில் இருந்த தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்தார். 'ஸ்டேஷன் பரேட்' என்று போட்டிருந்தது. பிறகு ராட்லியைப் பார்த்தார்.

"தண்ணி எங்க மிஸ்டர் ராட்லி?"

"என்ன தண்ணி?"

"குளம்னீங்களே. மூணு வாரமா நான் தேடறேன். இந்தப் பலகையில இல்லை, ஸ்டேஷன்ல விக்கிற வரைபடத்துலயும் இல்லை. இது குளத்து முனைன்னு ஊர்க்காரன் ஒருத்தன் சொல்லித்தான் தெரியணும். நீங்க யார்கிட்டயும் வாயே குடுக்கலை. அப்ப எப்படித் தெரிஞ்சுது?"

ராட்லி பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"அட கடவுளே!" என்று டிப்பிள் தலையில் கை வைத்தான். "அவர் சொன்னாரு, நான் எழுதினேன். எனக்கு ஒண்ணுமே தோணலையே சார்!"

"உனக்கு எப்படிய்யா தோணும்? உனக்கு இங்க இன்னும் வாத்து நீந்துது. இவருக்கும் அப்படித்தான். இவர் சின்ன வயசுல இங்க நிஜமாவே தண்ணி இருந்தது. இல்லாத குளத்தை வச்சு இடம் சொல்றவன் இந்த ஊர்ல வளந்தவனாத்தான் இருக்கணும். முதல் தடவை வந்தேன்னு ஏன் பொய் சொல்லணும்? இங்க வளந்து, கண் காணாத தேசம் போன ஒரே குடும்பத்தைப் பத்தி இன்னிக்குக் காலையிலதான் கேள்விப்பட்டேன். அந்தச் சமையலறை ஜன்னல் கொக்கி கத்தி முனையில தூக்கினாத் திறக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்த வீட்டுல வளந்த பையனுக்குத்தான். கொம்பு எங்க, மிஸ்டர் ஹாப்டே?"

மிஸ் ஆல்டர்டன் முகம் வெளுத்துப்போனது.

அந்த மனிதர் செருப்புக் கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். "ஓட்டல்ல, என் மெத்தைக்கு அடியில இருக்கு" என்றார். "அதை எங்கப்பா தினம் தினம் துடைச்சார். ஒரு காசு எடுக்கலை அவர். திருடன்னு பேர் வாங்கிட்டுத்தான் செத்தார். திருடலைன்னாலும் திருடன்னா, திருடியே காட்டுவோம்னு வந்தேன்."

"சரி. இந்தம்மா உங்களுக்கு என்ன பண்ணினாங்க?"

"ஒண்ணும் இல்லை. ஓட்டலுக்குப் போலீஸ் வந்து கேட்டதும் பயந்துட்டேன். சாவி அவங்ககிட்டதானே இருந்தது. வாயில வந்துருச்சு."

மிஸஸ் பர்கிஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். அவர் எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னிக்கு ராத்திரி நான் எங்க போய்ப் படுப்பேன்னு நினைச்சீங்க?"

ஹாப்டே தலையைக் குனிந்துகொண்டார். சின்னப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் பதில் வந்தது.

"ஸ்டேஷன்ல. அன்னிக்கு நாங்க படுத்த, பெண்கள் காத்திருக்கற ரூம்ல. கடைசி ரயில் போறவரைக்கும் அங்க கணப்பை அணைக்கமாட்டாங்க. அதுக்கப்புறம்தான் குளிரும்."