அம்மாவின் பாத்தியில் பத்து வார்த்தைகள்

நான் நாலாம் வகுப்புதான் படிக்கிறேன். ஆனால் அலுத்துக்கொள்வதில் நான் எல்லோருக்கும் சீனியர். காலையில் எழுந்தால் அலுப்பு. தலை பின்னிக்கொண்டால் அலுப்பு. 'சொல்வதை எழுது' என்று டீச்சர் சொல்லிவிட்டால், கேட்கவே வேண்டாம்.

பொங்கல் லீவு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அனுஷியா டீச்சர் பத்து வார்த்தை சொன்னார். எனக்கு ஏழு தப்பு. பக்கத்து பெஞ்ச் டோமினிக்குக்கு எட்டு தப்பு. எட்டு தப்பு வாங்கியவன் என் நோட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தான் என்றால், அவனை என்னவென்று சொல்வது?

டீச்சர் கிளியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். இருபத்து மூன்று நோட்டையும் திருத்தி முடிப்பதற்குள் அவருடைய சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பாவம், அந்த வாரம் முழுக்க எங்களுக்காக என்னென்னவோ செய்து பார்த்திருந்தார். திங்கட்கிழமை புளியங்கொட்டையை அடுக்கி எழுத்து செய்தோம். செவ்வாய்க்கிழமை களிமண்ணை உருட்டி எழுத்து செய்தோம். புதன்கிழமை ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் எழுத, மற்றவர் அது என்ன வார்த்தை என்று கண்டுபிடிக்க வேண்டும். டோமினிக்குக்குக் கூச்சம் அதிகம். நான் 'ழ' போட்டு முடிப்பதற்குள் அவன் பெஞ்சிலிருந்து கீழே விழுந்துவிட்டான்.

"பத்துத் தடவை எழுதச் சொன்னா உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு," என்றார் டீச்சர். "நோட்டுல எழுத வேண்டாம். மண்ணுல பெருசா, காலால நடந்து எழுதுங்க. ஒவ்வொரு எழுத்தையும் வாயால சொல்லிக்கிட்டே நடக்கணும். திங்கட்கிழமை மறுபடியும் இதே பத்து வார்த்தைதான்."

விறகு, தவளை, கிழங்கு, முறுக்கு, திருவிழா, சுண்ணாம்பு, வாழைப்பழம், பள்ளிக்கூடம், வெள்ளரிக்காய், மூக்குக்கண்ணாடி. இவைதான் அந்தப் பத்து.

சனிக்கிழமை மத்தியானம் நான், டோமினிக், எங்கள் வகுப்பு ஆன்மேரி மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். மேல் மணலில் நடந்தால் எழுத்து சரிந்து மூடிக்கொண்டது. ஈர மணலில் நடந்தால் அலை வந்து 'விறகு'வில் பாதியைக் கொண்டுபோனது. மூன்று தடவை எழுதினோம். மூன்று தடவையும் கடல் அழித்தது. ஆன்மேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

என் அம்மா பொன்னி, உப்பளத்தில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் உப்பளம் முழுக்கச் சேறாகிவிடும். தை மாதத்தில் சேற்றை வாரிப் போட்டு, ஒவ்வொரு பாத்தியையும் சமன் செய்வார்கள். பிறகு வெறுங்காலால் நாள் கணக்கில் மிதிப்பார்கள். தரை கெட்டியாக, வழவழப்பாக ஆன பிறகுதான் உப்புத்தண்ணீரை உள்ளே விடுவார்கள். அம்மா அவருடைய பாத்தியை அன்று காலையில்தான் மிதித்து முடித்திருந்தார்.

"எங்க அம்மா பாத்திக்குப் போலாம். கரும்பலகை மாதிரி இருக்குது," என்றேன்.

அம்மா ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று ஆன்மேரி தயங்கினாள். அம்மாவும் நாள் முழுக்கக் காலால்தானே மிதிக்கிறார், நாமும் காலால்தானே நடக்கப் போகிறோம், அதில் என்ன வந்துவிடும் என்று நான் பெரிய மனுஷி போலச் சொன்னேன்.

சொன்ன மாதிரியே அந்தத் தரை அருமையாக எழுத்தைப் பிடித்துக்கொண்டது. குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தோம். டோமினிக் 'மூக்குக்கண்ணாடி'யை ஓடிக்கொண்டே எழுதினான். பத்து வார்த்தையும் எழுதி முடித்து வரப்பில் ஏறிப் பார்த்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், அதனால் வீட்டில் அம்மா மட்டும்தான். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முடிஞ்சிடுச்சுடி. அஞ்சு நாளு மிதி மிதின்னு மிதிச்சாச்சு. நாளைக்குப் பூரா தூங்கப்போறேன். சோறு கேட்டுக்கூட எழுப்பாத."

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி வந்து பாத்தியைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுவாராம். தரையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் விட மாட்டாராம். பள்ளத்தில் சேறு கலங்கினால் உப்பு கறுத்துவிடும். தண்ணீர் முறை பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும். அடுத்த முறை வரைக்கும் பதினைந்து நாள் அம்மாவுக்கு வேலையே இருக்காது.

பாத்தியில் இருந்தது ஒரு சின்னப் பள்ளமா? ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டில் அகலம்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருக்க, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பிச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து பாத்திக்குப் போய்விடுவார். என் அம்மாவை எனக்குத் தெரியும். அதனால் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். அன்றைக்கு என்னால் சாப்பிடவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் மட்டும் பாத்திக்கு ஓடினேன். வெயிலில் காய்ந்து எழுத்தெல்லாம் இறுகிப்போயிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, கையால் தடவிப் பார்த்தேன். அந்த இடம் இன்னும் மோசமானது. வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுவதற்கும் அலுத்துப்போன பிறகு, அம்மா எப்படி மிதிப்பார் என்று யோசித்தேன்.

அம்மா நடப்பதே இல்லை. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைப்பார். குதிகாலை ஊன்றாமல் பாதம் முழுவதையும் தட்டையாக அழுத்துவார். பிறகு ஒரு விரல் அளவு நகருவார். மறுபடியும் அழுத்துவார்.

கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, அப்படியே செய்தேன். 'விறகு'வின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். வி, ற, கு. ஒரு தடவை முடிந்ததும் ஒரு விரல் தள்ளி மறுபடியும் வி, ற, கு. ஐந்தாவது தடவையில் பள்ளம் நிரம்பித் தரை சமமானது. ஆனால் ஒரு வார்த்தைக்கே கால் விட்டுப்போனது. இன்னும் ஒன்பது வார்த்தை இருந்தது. என் இரண்டு கால் போதாது.

மாதா கோயிலில் பூசை முடிகிற நேரத்துக்கு ஓடிப்போய் டோமினிக்கைப் பிடித்தேன். அவன் புதுச் சட்டையில் நின்றான். நடந்ததைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம கிளாஸ் பசங்க மறைக்கல்வி வகுப்புக்கு வந்திருக்காங்க. எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு வர்றேன்," என்றான். "ஒருத்தனும் டெஸ்டுக்குப் படிக்கல. வந்துதான் ஆவணும்."

டோமினிக்கையும் ஆன்மேரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தையைக் காட்டிக் கொடுத்தேன். நீளமான வார்த்தைகளுக்கு இரண்டு பேர். குதிகால் ஊன்றக் கூடாது, ஓடக் கூடாது, எழுத்தைச் சொல்லாமல் கால் வைக்கக் கூடாது. வார்த்தை முடிந்ததும் ஒரு விரல் தள்ளி மறுபடியும் அதே வார்த்தை.

முதல் அரை மணி நேரம் கும்மாளமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக முனக ஆரம்பித்தார்கள். வெயில் ஏறியது. டோமினிக்கின் காலில் ஷூ கடித்த புண் இருந்தது. உப்புத்தண்ணீர் பட்டதும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு 'ணா, டி' என்று சொன்னதைக் கேட்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் யாரும் வரப்பில் ஏறவில்லை. 'கிழங்கு' மறைந்தது, 'தவளை' மறைந்தது, 'திருவிழா'வும் முக்கால்வாசி மறைந்தது.

"யாருடி இத்தனை பேரு, என் பாத்தியில?"

அம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். யாரோ வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைகூட வாராமல் ஓடி வந்திருந்தார். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நேத்து நாங்கதாம்மா இதுல எழுதி நாசம் பண்ணிட்டோம்," என்றேன். "நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். உன்னை எழுப்ப மனசு வரல. அதான் நாங்களே மிதிக்கிறோம்."

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மீதி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அஞ்சு நாளுடி," என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தியில் இறங்கினார். நாங்கள் மிதித்த இடத்தில் குதிகாலை வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் அழுத்தினார். தரை உள்வாங்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"இந்த மூலையில இன்னும் மிதிக்கணும். தள்ளுங்க, நான் மிதிக்கிறேன்."

நான் குறுக்கே போய் நின்றேன்.

"நீ வேணாம்மா. தப்பு எங்களோடது. உன் காலைப் பாரு, வெடிச்சுக் கெடக்குது. நீ போய் உக்காரு. எங்க மிதிக்கணும்னு மட்டும் சொல்லு."

அம்மா என்னையே பார்த்தார். பிறகு வேலிக்கருவை மர நிழலில், வரப்பின் மேல் போய் உட்கார்ந்தார். பாத்தியில் வேலை நடக்கும்போது அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "அந்தப் பக்கம் தண்ணி தெளி, இந்தப் பக்கம் அழுத்து," என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தால், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் மேஸ்திரி காசிலிங்கம் மொபெட்டில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார் என்று யாருக்குத் தெரியும்? பாத்தி நிறையப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் குதிகாலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

"ம்," என்றார். "அந்தக் கடைசி வரிசையை மட்டும் முடிச்சிடுங்க. காலையில தண்ணி விட்டுடலாம். பொன்னிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"எழுப்பாதீங்க மேஸ்திரி," என்றேன். "அஞ்சு நாளா சரியா தூங்கல. நானே சொல்லிடறேங்க."

அவர் அம்மா பக்கம் பார்த்தார். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், மெயின் ரோடு வரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனார்.

கடைசி வரிசையில் 'வெள்ளரிக்காய்' பாக்கி இருந்தது. நாங்கள் பதின்மூன்று பேரும் வரிசையாக நின்றோம். யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். வெ, ள், ள, ரி, க், கா, ய். உதடு மட்டும் அசைய, ஒரு விரல் ஒரு விரலாக நகர்ந்து, தரையில் ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல் மிதித்து முடித்தோம். அம்மா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஐந்தரை மணி வரைக்கும் தூங்கினார்.