வட்டத்தில் ஓர் இடைவெளி

பொள்ளாச்சிப் பக்கம் ஆனி மாதம் பிறந்துவிட்டால் காற்றைக் கையில் பிடிக்க முடியாது. மேற்கே நீண்டு கிடக்கும் மலைத்தொடரில், பாலக்காட்டுப் பக்கம் மட்டும் ஒரு பெரிய திறப்பு இருக்கிறது. கேரளாவில் மழையை இறக்கிவைத்த காற்று அந்த வாசல் வழியாக உள்ளே நுழையும். தென்னை மட்டைகளைக் கோதும். கோயில் மைதானத்தில் நிற்கும் சாய்ப்ரியாவின் பின்னலையும் கலைத்துவிட்டுப் போகும்.

சாய்ப்ரியா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாலை விளக்கு வைத்ததும் அவளும் அம்மாவும் மாரியம்மன் கோயில் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கேதான் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்ட கதையைப் பாடி, ஊரே வட்டமாக நின்று கைதட்டி ஆடுவதுதான் வள்ளி கும்மி. சிறியவர், பெரியவர், ஆண், பெண் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆடித் திருவிழாவில் அரங்கேற்றம்.

ஆட்டம் இப்படித்தான். எல்லாரும் வட்டத்தின் உள்பக்கம் பார்த்து நிற்பார்கள். பாட்டு மெதுவாக இருக்கும்போது குனிந்து, நிமிர்ந்து, கைதட்டி, வலது பக்கமாக நகர்வார்கள். பாட்டு வேகமெடுத்ததும் வாத்தியார் ‘ஹோய்’ என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் கணமே வட்டம் முழுவதும் இடது பக்கமாகத் திரும்பி ஓடும். இன்னொரு ‘ஹோய்’ கேட்டால் மறுபடியும் வலது.

மெதுவான பாட்டுக்குச் சாய்ப்ரியா அழகாக ஆடுவாள். ‘ஹோய்’ வந்தால்தான் வினை. எல்லாரும் ஒரு பக்கம் போனால் அவள் மட்டும் மறுபக்கம் போவாள். ஒரு பக்கம் போனால் அம்மாமேல் மோதுவாள். இன்னொரு பக்கம் போனால் மிதுன்மேல் மோதுவாள். மிதுன் எட்டாம் வகுப்பு; நெட்டைப் பையன்; அவள் தலை அவன் விலாவில் இடிக்கும்.

அன்றைக்கும் இடித்தது.

“நாளைக்கு ஹெல்மெட் போட்டுட்டு வாரேன்,” என்றான் மிதுன், விலாவைத் தடவிக்கொண்டே.

பாட்டு நின்றது. செங்கோட்டையன் வாத்தியார் பகலில் தேங்காய் நார் மில்லில் வேலை செய்கிறவர். யாரிடமும் கோபப்படத் தெரியாது. ஆனால் கையில் மைக் இருந்ததால் அவர் மெல்லச் சொன்னதும் ஊருக்கே கேட்டது.

“சாய்ப்ரியா கண்ணு, அந்தப் பக்கம் போனா பாலக்காடு. நாம இந்தப் பக்கமுங்க போறோம்.”

மைதானமே சிரித்தது. எதிரே நின்ற நித்யஸ்ரீயும் சிரித்தாள். அவள் சாய்ப்ரியாவின் தோழி. அந்த வட்டத்திலேயே பிழையில்லாமல் ஆடுகிறவள். குழம்பும்போதெல்லாம் சாய்ப்ரியா அவளைத்தான் பார்த்துக்கொள்வாள். ‘அவளைப் பார்த்து ஆடியும் எனக்கு வரலையே. எனக்கு எப்பவுமே வராது போல’ என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், இனிமேல் கும்மிக்கு வரப்போவதில்லை என்று.

அம்மா திட்டவில்லை. காரணமும் கேட்கவில்லை. அப்பா பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பொழுது சாய்ந்த பிறகு மகளை வீட்டில் தனியாக விட அம்மாவுக்கு மனம் வராது.

“சரி அம்மணி. நாம ரெண்டு பேருமே கும்மியில இருந்து நின்னுக்கறோமுன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிப்போடறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாய்ப்ரியா வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று யோசித்தாள். அடுப்படியிலிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை. கும்மியில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா பாடிக்கொண்டேதான் வெங்காயம் நறுக்குவாள். தோசைக் கரண்டியால் கல்லில் தாளம் போடுவாள். ஒருமுறை அந்தத் தாளத்தில் தோசையே கிழிந்துபோனது. இன்றைக்கு அடுப்படியில் கத்தி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

சாய்ப்ரியா எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றாள்.

“நீங்க போங்கம்மா. நான் மொட்டை மாடியில உக்காந்து பாத்துட்டு இருக்கறேன். அங்கிருந்து மைதானம் தெரியும். நீங்களும் என்னைப் பாத்துக்கலாமுல்ல.”

அம்மா வாசலுக்கு வந்து மைதானத்தை ஒரு பார்வை, மாடியை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு காலி வயல்தான். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

சாய்ப்ரியா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். மலை நீலமாகி, அப்புறம் சாம்பலாகி, அப்புறம் மேகத்துக்குள் கரைந்து காணாமல் போயிற்று. மைதானத்தில் விளக்குகள் எரிந்தன. இருட்டுக்குள் வெளிச்சமாக ஒரு பெரிய தட்டு மிதப்பதுபோல் இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஓர் அதிசயம்! கைகள் சேர்வது முதலில் தெரிந்தது. தட்டிய ஓசை இம்மியளவு பின்னால் வந்தது. ஒளி ஒரே பாய்ச்சலில் வந்துவிடும். ஓசை காற்றைத் தள்ளிக்கொண்டு வயலைக் கடந்து வரவேண்டும் அல்லவா? அதனால் யாரோ கனவில் கைதட்டுவதுபோல் இருந்தது. எல்லாரும் குனிந்தபோது வட்டம் பூவாகக் கூம்பியது. நிமிர்ந்தபோது விரிந்தது. கீழே நின்று ஆடியபோது இது எதுவுமே அவளுக்குத் தெரிந்ததில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். வட்டத்தில் ஓரிடத்தில், விழுந்த பல் மாதிரி ஓர் இடைவெளி.

ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் நெட்டை மிதுன். மிதுன் நெருங்கி வந்து இடைவெளியை அடைக்கப் பார்த்தான். அம்மா கையை நீட்டி அவனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அது சாய்ப்ரியாவின் இடம்.

வட்டம் நகர்ந்தது. இடைவெளியும் நகர்ந்தது. அங்கே யாரும் இல்லை. இருந்தும் அது மற்றவர்களோடு சேர்ந்து கும்மியடித்தபடி போனது. சாய்ப்ரியாவால் அதைவிட்டு வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

‘ஹோய்’. இடைவெளி கோயிலை நோக்கி ஓடியது.

அவள் வழக்கப்படி நித்யஸ்ரீயைத் தேடினாள். நித்யஸ்ரீ கோயிலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ரோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

சாய்ப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிழையே செய்யாத நித்யஸ்ரீ தப்பாகப் போகிறாளா? இல்லை. எல்லாரும் ஒரே சுற்றில்தான் போனார்கள். மறுபடி ‘ஹோய்’. இப்போது இடைவெளி ரோட்டுப் பக்கம் போக, நித்யஸ்ரீ கோயில் பக்கம் வந்தாள்.

திருவிழா ராட்டினம் நினைவுக்கு வந்தது. குதிரையில் உட்கார்ந்து நாம் கிழக்கே போகும்போது எதிர்க் குதிரை மேற்கே போகும். ராட்டினம் சுற்றுவதோ ஒரே பக்கம்தான். வட்டத்தில் அப்படித்தான். எதிரில் இருப்பவர் நம்மோடு சேர்ந்தே வருகிறார். ஆனால் நம் கண்ணுக்கு எதிர்ப்பக்கம் போகிறார். நித்யஸ்ரீ ரோட்டுப் பக்கம் போனால் சாய்ப்ரியாவும் ரோட்டுப் பக்கமே ஓடியிருக்கிறாள். இத்தனை நாளும் அதனால்தான் இடித்திருக்கிறது.

அவள் எழுந்து நின்றாள். கண்களை இடைவெளியின்மேல் வைத்து, அது போகும் பக்கமெல்லாம் மாடியில் நகர்ந்தாள். காற்று அவளைத் தள்ளியது. அவள் அதையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அம்மா கிளம்பும் முன்பே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வரும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்: இனி எதிரே பார்க்கப்போவதில்லை, வலது பக்கம் போகும்போது மிதுனின் தோள், இடது பக்கம் போகும்போது அம்மாவின் தோள்.

‘ஹோய்’ வந்தது. கால்கள் பழையபடியே ஓடின. டமார்.

மிதுன் விலாவைப் பிடித்துக்கொண்டான். அன்று ஹெல்மெட் கொண்டுவர மறந்துவிட்டானாம்.

தலைக்குப் புரிந்தது காலுக்குப் புரியச் சில நாள் ஆகும். அது அவளுக்கு அப்போது தெரியாது. மாடிப்படி ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அடுத்த பாட்டுக்குத் தயாராக, மகளுக்கு வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

சாய்ப்ரியா அந்த இடத்தில் போய் நின்றாள்.

அன்று பலமுறை இடித்தாள். மறுநாள் குறைந்தது. ஒரு நாள் மழைத்தூறலில் ஆடியபோது ஒரு பாட்டு முழுக்க இடிக்கவே இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடியும் இடித்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் எங்கே பிசகியது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்த பிசகைச் சரிசெய்ய அவளுக்கு அலுக்கவில்லை.

ஆடி மாதம் அரங்கேற்றத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. வேகப் பாட்டு வந்தது. ‘ஹோய்’, இடது. ‘ஹோய்’, இடது. கால்கள் தாமாகவே போயின. இப்போது அவள் துணிந்து எதிரே பார்த்தாள். நித்யஸ்ரீ வெளிச்சத்துக்குள் எதிர்த்திசையில் மிதந்து போனாள். சாய்ப்ரியா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் திசையில் போனாள்.

உள்ளே நின்று ஆடும்போது வட்டம் கண்ணுக்குத் தெரியாது. தோளும் கையும் காலும்தான் தெரியும். ஆனாலும் அது இருட்டுக்கு நடுவே பூவாகக் கூம்பி விரிந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. பக்கத்தில் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

“கால் வலிக்குதா அம்மணி? கொஞ்சம் உக்காந்துக்கலாமா?”

“வேண்டாமுங்கம்மா,” என்றாள் சாய்ப்ரியா. “அடுத்த பாட்டு இதைவிட வேகம்.”