முதல் உரிமை

செல்லாயியின் காய்ச்சலை இறக்க ஒரு குற்றவாளி வேண்டும். ஊரில் ஒருத்தனும் குற்றம் செய்ய மாட்டேன் என்கிறான். புருஷன் தவசிக்கு அதுதான் ஆத்திரம்.

அடைப்பு உத்தரவை மீறி வெளியே வருகிறவனுக்கு முதலில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள், ஜெயிலில் தள்ளிப் பார்த்தார்கள். எவன் பயந்தான்? பிறகுதான் சுரமாற்றியைக் கொண்டுவந்தார்கள். கருங்காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. ஆனால் ஒரு உடம்பிலிருந்து உறிஞ்சி இன்னொரு உடம்பில் இறக்கிவிடலாம். மீறினவன் எந்த வீட்டு வாசலில் பிடிபடுகிறானோ, அவன் உடம்பில் காய்ச்சலை இறக்க அந்த வீட்டு நோயாளிக்கு முதல் உரிமை. சட்டம் போட்ட மந்திரிக்கு என்ன, அவன் கால் தெருவில் பட்டே வருஷக்கணக்காச்சு. அன்றைக்குத் தவசியும் கைதட்டினவன்தான்.

இப்போது தெரு துடைத்துப்போட்ட மாதிரிக் கிடந்தது. ஆளில்லாமல் பறக்கும் காவல்தும்பிகள் மட்டும் வேலையில்லாமல் வானத்தில் சுற்றின. உள்ளே செல்லாயிக்கு மூச்சு இழுத்தது.

தவசி யோசித்தான். கல்யாணத்துக்கு எவனும் வரமாட்டான். சோறு போட்டாலும் வரமாட்டான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். கோடித் துணி போர்த்தாமல் பிணத்தைத் தூக்குவதில்லை. பக்கத்து ஊரிலிருந்த மச்சினன் காசிமாயனைப் போனில் கூப்பிட்டான்.

"மாப்ள... ஒங்கக்கா போயிட்டாடா."

காசிமாயன் கதறி முடிக்கும்வரை தவசி பொறுத்திருந்தான்.

"உத்தரவு இருக்கு மாப்ள. நீ வந்துறாத."

"வராம? கோடி இல்லாம எங்கக்காள அநாதையாட்டம் வண்டில தூக்கிப் போடச் சொல்றீகளா? எந்தத் தும்பி பிடிக்குதுன்னு பாக்குறேன்."

கரும்புக்காட்டுக்குள் புகுந்து, ஓடைப்பள்ளத்தில் தவழ்ந்து வந்து கதவைத் தட்டினான். கக்கத்தில் அரக்குச் சேலை.

"கதவத் தொறங்க மச்சான்."

தவசி உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றான். திறக்கவில்லை. தும்பியின் இரைச்சல் கிட்டே வரட்டும் என்று காத்திருந்தான்.

காசிமாயன் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். "மச்சான்! அக்கா மூச்சு விடுறா! உசுரு இருக்கு மச்சான்!" அழுதவன் சிரித்தான். சேலையைக் கம்பி வழியாக உள்ளே எறிந்தான். "கோடிக்கு எடுத்தது, புதுச்சேலையாக் கட்டிக்கட்டும்!"

அதற்குள் தும்பி அவன் தலைக்கு மேலே வந்து நின்றது.

"அடைப்பு மீறல் உறுதி. முதல் உரிமை இந்த இல்லத்திற்கே. வாழ்த்துகள்."

தண்டனை வண்டி எதிர்வீட்டுக்குப் பக்கத்தில் தெருவில் நின்றது. அங்கிருந்து குழாய்கள் நீண்டு வந்தன. மறுநாள் காலையில் செல்லாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கஞ்சியைக் குடித்துக்கொண்டே சேலையைப் பார்த்தாள்.

"இது ஏதுய்யா?"

"அரசாங்கம் குடுத்துச்சு."

"எனக்கு அரக்கு பிடிக்கும்னு அரசாங்கத்துக்குத் தெரியுமா? எந்தம்பி எங்க?"

தவசியின் கண் வண்டிப் பக்கம் போய்விட்டது. அங்கே வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு உடம்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

செல்லாயி கஞ்சிச் சட்டியை அவன் மேலேயே விட்டெறிந்துவிட்டு எழுந்தாள்.

"வெளிய கால வச்சா ஒனக்கும் அதே கதிதான்டி! போவாத!"

"போய்யா, நீயும் ஒன் உசுரும்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இத்தனை நாள் சாவுக்குக்கூட ஜன்னல் திறக்காத பொன்னுத்தாயி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் பாயில் அவள் மகன் கருங்காய்ச்சலில் இருமிக்கொண்டு கிடந்தான்.

"வா தாயி," என்று அன்பாகக் கூப்பிட்டாள். "தம்பியப் பாக்கணும்ல. அங்க வெயிலு. இந்தா, எங்க வாசல்ல வந்து நல்லா அழு."

"அவ வாசலுக்குப் போவாதடி!" என்று தவசி தொண்டை கிழியக் கத்தினான். நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் கத்தினான். கால் படியைத் தாண்டவில்லை.

தம்பியின் உடம்பைப் பார்த்த செல்லாயி, எதிர்வீட்டு வாசலில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பொன்னுத்தாயி உள்ளே நின்றபடியே கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தும்பி வந்து இறங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.