திறந்தே கிடக்கும் கடைசி வரி

அட்டவணையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

லோவெல் அதைச் சேர்க்கவில்லை. மணி நாலேகால்தான், அதற்குள் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. ஜனவரியில் வடக்கு மினசோட்டாவின் பகல் அவ்வளவுதான். மறுபடி புயல் வருகிறதென்று கவுண்டி நிர்வாக அலுவலகத்தில் எல்லாரையும் மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பனி ஜன்னலில் மணல்போல் உரச, சுவரோரத்து ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று தட்ட, ஆறிப்போன காப்பியும் ஈரக் கம்பளியும் கலந்த வாடையில், திரையின் அடியில் அந்த வெற்று வரி பெயர், வயது, தேவை என்ற மூன்று பெட்டிகளையும் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்ன, யாருக்கோ காத்திருந்தது. அழித்தான். காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் திரும்ப வந்துவிட்டது.

அது புயல்காலப் பதிவுப் படிவம். அவன் எழுதியதுதான். மின்சாரம் போனால் ஷெரிஃபின் ஆட்கள் யார் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை ஊரார் அதில் பதிவு செய்வார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வரி. ‘வரி சேர்’ என்பதை அழுத்தினால் கீழே புது வரி திறக்கும். அங்கேதான் லோவெல் சறுக்கியிருந்தான். புது வரி திறந்தால்தான் அதற்கு மேலே இருப்பது பதிவாகும். கடைசி வரி, ‘சேமி’ என்று எத்தனை முறை அழுத்தினாலும், பக்கத்தை மூடியதும் சுவடில்லாமல் போய்விடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேர் பதிவானாலும் வண்டி போய்விடும் என்பதால் யாரும் இதைக் கவனிக்கவில்லை. தனியாக இருப்பவருக்கோ ஒரே வரி. அவருக்கு அதுதான் கடைசி வரியும்.

டிசம்பர் புயல் ஓய்ந்து ஐந்தாம் நாள்தான், தனியாக வசித்த ஆர்டிஸைக் கண்டெடுத்தார்கள். எண்பத்தொரு வயது. கோட்டின் பித்தான்களைக் கழுத்துவரை மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உறைந்து போயிருந்தார். வண்டி வந்தால் காக்க வைக்கக்கூடாதென்று கிளம்பித் தயாராக இருந்திருக்கிறார்.

“அவங்க பதிவே பண்ணல” என்று விசாரணையில் லோவெல் வாய் கூசாமல் சொல்லிவிட்டான். ஆர்டிஸின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தவள் நூலகத்தில் வேலை செய்யும் மார்லிஸ். பழி அவள் தலையில் விழுந்தது. அடுத்த ஞாயிறு சர்ச் விருந்தில் அவள் கொண்டுவந்த ‘ஹாட்டிஷ்’ என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை ஒருவரும் தொடவில்லை. லோவெலும் தொடவில்லை.

பிழை எங்கே என்று அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்துவிட்டான். திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் திருத்திய தேதியும் அவன் பெயரும் கணினியில் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். அந்த வெட்கம் அவன் கையைக் கட்டிப்போட்டது. மூன்று வாரமாகப் படிவம் அப்படியே கிடக்கிறது.

ஃபோன் அடித்தது. மார்லிஸ்.

“லோவெல், இன்னும் ஆபீஸ்லயா இருக்க? நல்லவேளை. இன்னிக்கு ஒண்டியா இருக்கற ஒம்பது பேர நானே உக்கார வச்சுப் பதிவு பண்ணினேன்ப்பா. ‘சேமி’ய ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தடவ அழுத்தினேன். இப்பல்லாம் என் கண்ணையே நான் நம்பறதில்ல. அஞ்சு மணிக்கு லிஸ்ட் ஷெரிஃபுக்குப் போயிடும்ல? அதுக்குள்ள ஒரு தடவ பாத்துச் சொல்லேன்.”

பார்த்தான். ஒன்பது பேரில் ஒருவர்கூட இல்லை.

“இருக்காங்க” என்றான்.

“ஒம்பது பேரும்?”

“ஒம்பது பேரும்.”

“அப்பாடா. அப்போ அன்னிக்கு நான்தான் ஏதோ சொதப்பிட்டேன். ஆர்டிஸ் மட்டும் உசிரோட இருந்திருந்தா என்னக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பா.” சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

ஃபோனை வைத்தபோது அவன் காது கொதித்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரையில் அந்த வரி நிரம்பத் தொடங்கியது.

ஓர் எழுத்து. வெகுநேரம் கழித்து இன்னொன்று. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுபவர்களின் வேகம். ஆர்டிஸ். வயது 81. தேவை என்ற பெட்டியில்: கோட்டுப் போட்டுக்கொண்டேன். காத்திருக்கிறேன்.

பழைய கோட்டின் பாச்சை உருண்டை வாடை அடித்தது. கூடவே பெப்பர்மின்ட்.

அழித்தான். வந்தது. அதன் கீழே இன்னொரு வரி திறந்தது. வேறு பெயர், வேறு வயது. அதன் கீழே இன்னொன்று. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது பெயர்கள், எல்லாம் ஒற்றை விரல் வேகத்தில். மார்லிஸ் பதிவு செய்தவர்கள்தான். ஒவ்வொரு புது வரி திறக்கும்போதும் மேலே இருந்தவர் பதிவானார்.

அவன் கையை எடுத்திருந்தால் போதும். ஆனால் உச்சியில் ஆர்டிஸின் பெயர் இருந்தது. இந்தப் பட்டியல் ஷெரிஃபிடம் போனால் கேட்பார்கள். நோண்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பத்தையும் சேர்த்து அழித்தான். உயிரோடிருக்கும் ஒன்பது பேரையும். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே.

வந்தன.

அழித்தான்.

வந்தன. இந்த முறை அழியவில்லை. பத்தாவதற்குக் கீழே வெற்றாக இன்னொரு வரியும் திறந்தது.

ஐந்து மணி. கீழ்த்தளத்தில், ஷெரிஃபின் அறையில், பிரின்டர் கரகரவென்று ஓடி நின்றது. விளக்குகள் அணைந்தன. ஹீட்டர் குழாயின் தட்டலும் நின்றது. திரை மட்டும் அணையவில்லை.

பத்தாவதற்குக் கீழே இருந்த வெற்று வரி நிரம்பத் தொடங்கியது. கடைசி வரி.

லோவெல். வயது 52.

எழுந்து ஓட நினைத்தான். கால் வரவில்லை. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அவன் திருப்பவில்லை. கழுத்தில் ஏதோ இறுக்கியது. பித்தான். கோட்டு. அவனுடைய கோட்டுதான், கதவருகே மாட்டியிருந்தது. அவன் போடவில்லை. மடியில் பை. அதன்மேல் இரண்டு கைகளும். அசைக்க முடியவில்லை.

கீழே ஷெரிஃபின் வண்டிகள் பட்டியலோடு கிளம்பின. ஒவ்வொன்றாக வாசல் திருப்பத்தில் வளைய, முகப்பு விளக்கு ஜன்னல் வழியே அவன் முகத்தில் விழுந்து நகர்ந்தது. கத்தினான். சத்தம் வரவில்லை. கடைசி வண்டியும் போயிற்று. ஜன்னலின் உட்புறத்தில் பனி பூக்கத் தொடங்கியது. இருண்ட கண்ணாடியில் அவன் பிம்பம் தெரிந்தது, பிம்பத்தின் தோளுக்குமேல் திரையும், திரையில் திறந்தபடி கிடந்த அந்த வரியும், அதன் மூன்றாவது பெட்டியில், ஒற்றை விரல் வேகத்தில், எழுத்தெழுத்தாக:

காத்திருக்கிறேன்.